ஜிம் கட்டணம் வேண்டாம்... மணல் மூட்டை, பழைய டியூப், தண்ணி கேன் போதும்!

மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு, மூன்றே வாரத்தில் ஜிம் பக்கம் போவதை நிறுத்தியவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். கட்டணப் பலகையைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள். வேலைக்குப் போய் வந்து, சமைத்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை முடிப்பதற்குள் ஜிம்மின் ஷட்டர் இறங்கிவிடும் பெண்களின் கதை தனி.

இவர்கள் எல்லோருக்கும் கடினமான உடற்பயிற்சி தேவைப்படுகிறது. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் போகும் இளைஞர் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடியாக வேண்டும். பிறகு 5 மீட்டர் கயிறு ஏற வேண்டும். 6 மீட்டர் ஏறினால் மதிப்பெண் கூடும். பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். இதில் தவறினால் எழுத்துத் தேர்வில் வாங்கிய மதிப்பெண் உதவாது.

அதே வீட்டில் அம்மாவுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கும். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆரின் ஆய்வு, இந்தியாவில் 10 கோடிப் பேருக்கும் மேல் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. உழைக்கும் தசை, ரத்தத்திலுள்ள சர்க்கரையை இன்சுலினின் தயவு அதிகமில்லாமலேயே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால்தான் 'நடந்தால் மட்டும் போதாது, தசைக்கும் வேலை கொடுங்கள்' என்று மருத்துவர்கள் இப்போது சொல்கிறார்கள்.

மகனுக்கும் அம்மாவுக்கும் தேவையான கருவிகளை வீட்டிலேயே செய்துவிடலாம். எதை எப்படிச் செய்வது, எதைத் தொடவே கூடாது என்பதுதான் இந்த வாரப் பாடம். இரண்டாவது பாதி முதல் பாதியைவிட முக்கியம்.

எல்லாமே கிடைத்ததில் செய்ததுதான்

ஜிம்மில் பளபளவென்று அடுக்கிவைத்திருக்கும் கெட்டில்பெல், பிறக்கும்போது உடற்பயிற்சிக் கருவியே கிடையாது. ரஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுக்கப் பயன்பட்ட எடைக்கல் அது. அந்த ஊர்க் கணக்கில் ஒரு 'பூட்' என்பது சுமார் 16.4 கிலோ. வேலை முடிந்த நேரத்தில் ஆட்கள் அதையே தூக்கிப் போட்டியிட, அது விளையாட்டாகிவிட்டது. இன்றைக்கும் 16 கிலோ கெட்டில்பெல் பிரபலமாக இருப்பதற்கு அந்த எடைக்கல்தான் காரணம்.

நம் பக்கத்துக் கர்லாக்கட்டை இன்னும் தூரம் போனது. இந்தியாவில் அதைப் பார்த்துப் பழகிய ஆங்கிலேயப் படையினர் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். கட்டை சுழற்றுவது 1904 செயின்ட் லூயிஸ், 1932 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ஸ்களில் போட்டியாகவே நடந்தது. தென் மாவட்டக் கிராமங்களில் இன்னும் கிடக்கும் இளவட்டக்கல்லுக்குப் பிடியே கிடையாது. உருண்டு வழுக்கும் கல்லை அணைத்து, மடியில் ஏற்றி, தோளுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்றைய ஜிம்களில் காசு வாங்கிக்கொண்டு மணல் மூட்டையை வைத்துச் சொல்லிக்கொடுப்பதும் அதே அசைவுதான்.

தசைக்கு விலைச்சீட்டு படிக்கத் தெரியாது. எவ்வளவு எடை, எவ்வளவு நேரம், எவ்வளவு ஓய்வு என்பது மட்டுமே அதற்குப் புரியும்.

'கண்டிஷனிங்' என்றால் என்ன?

கொஞ்ச நேரம் மூச்சிரைக்க உழைப்பு, கொஞ்ச நேரம் ஓய்வு, மறுபடி உழைப்பு. இப்படி மாற்றி மாற்றிச் செய்து இதயம், நுரையீரல், தசை மூன்றையும் ஒரே நேரத்தில் பழக்குவதைத்தான் கண்டிஷனிங் என்கிறார்கள்.

இதில் அடிக்கடி காதில் விழும் பெயர் 'டபாட்டா'. ஜப்பானிய விஞ்ஞானி இசுமி டபாட்டாவின் குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுக் கல்வி படிக்கும் இளைஞர்கள் 20 விநாடி முழு மூச்சில் உழைத்து, 10 விநாடி ஓய்வெடுத்து, இதையே ஏழெட்டு முறை செய்தார்கள். ஆறு வாரத்தில் அவர்களின் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் கூடியது. ஆக்சிஜன் போதாத நேரத்திலும் உழைக்கும் திறன் 28 சதவிகிதம் ஏறியது.

செல்போன் வீடியோக்களில் பலரும் விட்டுவிடும் விஷயம் ஒன்று உண்டு. அந்த இளைஞர்கள் உழைத்தது நிற்கும் சைக்கிளில். களைத்துப்போனால் கால் நின்றுவிடும், அவ்வளவுதான். தலைக்கு மேல் மணல் மூட்டையைத் தூக்கியபடி அதே அளவுக்குக் களைத்தால், மூட்டை எங்கே விழும் என்று சொல்ல முடியாது. ஆகவே வீட்டுக் கருவிகளோடு 20-க்கு 10 கணக்கு வேண்டாம். உழைக்கும் நேரத்துக்குச் சமமாக ஓய்வும் இருக்கட்டும். கை நடுங்கத் தொடங்குமுன் மூட்டை தரைக்கு வந்துவிட வேண்டும்.

1. மணல் மூட்டை

வீட்டில் செய்யக்கூடிய கருவிகளில் இதுதான் ராஜா. பழைய ஸ்கூல் பேக் அல்லது தடித்த துணிப் பை, ஜல்லடையில் சலித்த காய்ந்த மணல், கெட்டியான பிளாஸ்டிக் கவர்கள், பிரவுன் டேப் இருந்தால் போதும். பக்கத்தில் வீடு கட்டுகிறார்கள் என்றால் கேட்டாலே ஒரு வாளி எம்-சாண்ட் கொடுப்பார்கள்.

மணலை மொத்தமாகப் பையில் கொட்டக் கூடாது. 2 கிலோ, 2 கிலோவாகக் கவரில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, வாயைச் சுருட்டி டேப் ஒட்ட வேண்டும். அதை இன்னொரு கவருக்குள் போட்டு மறுபடி டேப் சுற்ற வேண்டும். இப்படி ஐந்து பொட்டலம் செய்தால் 10 கிலோ. அம்மாவுக்கு இரண்டு பொட்டலம், மகனுக்கு ஐந்து என்று ஒரே பையை வீடே பங்குபோட்டுக்கொள்ளலாம். எடை சரியா என்பதை மளிகைக்கடைத் தராசில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காய்ந்த மணல் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். ஈர மணல் இன்னும் கனம். ஆனால் ஈரம் உள்ளே தங்கினால் நாலு நாளில் நாற்றமடிக்கும். வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே கட்ட வேண்டும். பையில் கால் பாகம் காலியாக இருக்கட்டும். உள்ளே பொட்டலங்கள் நகர்வதால் வயிறும் முதுகும் கூடுதலாக வேலை செய்யும். சிமென்ட் வந்த சாக்கைப் பயன்படுத்த வேண்டாம். ஒட்டியிருக்கும் தூள் வியர்வையில் கரைந்து தோலைப் பதம் பார்த்துவிடும்.

மூன்று அசைவுகள் போதும். பையைக் குழந்தையைப்போல மார்போடு அணைத்து உட்கார்ந்து எழுவது முதலாவது. தரையிலிருந்து எடுத்துத் தோளில் ஏற்றி இறக்குவது இரண்டாவது. இதில் ஒரு தடவை வலது தோள், ஒரு தடவை இடது தோள். அணைத்தபடி வீட்டுக்குள் நடப்பது மூன்றாவது. குனியும்போது முதுகு வளையக் கூடாது. பின்னால் இருக்கும் நாற்காலியில் உட்காரப் போவதுபோல இடுப்பைப் பின்னே தள்ளி, முழங்காலை மடக்கி எடுக்க வேண்டும்.

2. எண்ணெய் கேன், தண்ணி கேன்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இவ்வளவு துல்லியமான எடைக்கல் கடையில்கூடக் கிடைக்காது. 5 லிட்டர் சமையல் எண்ணெய் கேனில் தண்ணீர் நிரப்பினால் 5 கிலோ, காய்ந்த மணல் நிரப்பினால் ஏறக்குறைய 8 கிலோ. கைக்கு ஒன்றாகப் பிடித்து, தோளைத் தளர்த்தி, நிமிர்ந்து நடந்தால் அது முழு உடம்புக்குமான பயிற்சி. கயிறு ஏற வேண்டியவர்களுக்கு இன்னொரு யோசனை: கைப்பிடியில் பழைய துண்டைக் கோத்து, துண்டைப் பிடித்தபடி நடக்கலாம். விரல் பிடி நன்றாக இறுகும்.

"ஏன்டா, அந்தக் கேனை எங்கடா தூக்கிட்டுப் போற? தண்ணி லாரி நாளைக்குத்தானே வரும்?" என்று அம்மா கேட்கத்தான் செய்வார். அவர் கேட்பதில் ஒரு நியாயமும் இருக்கிறது. குடத்தை இடுப்பில் வைத்துத் தெருக்குழாயிலிருந்து மாடிக்கு ஏறிய பெண்கள் இந்தப் பயிற்சியை எப்போதோ முடித்தவர்கள். ஆனால் எப்போதும் ஒரே இடுப்பு, ஒரே பக்கம் என்று சுமந்ததால் பலருக்கு மிச்சமானது முதுகுவலி. பயிற்சியில் இரண்டு பக்கமும் சமமாகச் சுமப்பதும், வலிப்பதற்கு முன்பே நிறுத்துவதும்தான் வித்தியாசம்.

கேனைத் தூக்கி நடக்கலாம், வீசக் கூடாது. மார்பு உயரத்திலிருந்து கீழே வீசி வரும் பொருள், வட்டத்தின் அடிப்பகுதிக்கு வரும்போது தன் எடையைப்போல மூன்று மடங்குவரை கைப்பிடியை இழுக்கும். 8 கிலோ கேன் அந்த நொடியில் 24 கிலோவாகிவிடும். எண்ணெய் கேனின் பிளாஸ்டிக் பிடி அதற்காகச் செய்யப்பட்டதில்லை. பிடி உடைந்தால் கேன் நேராகப் போவது டி.வி-க்கோ, எதிரே விளையாடும் குழந்தைக்கோதான். கெட்டில்பெல்லை வீசுவதைப்போலச் செய்ய ஆசையிருந்தால், காசு சேர்த்து இரும்பில் ஒன்று வாங்கிவிடுவதே மலிவு.

3. பஞ்சர் கடை டியூப்

டூவீலரின் பழைய உள் டியூபைப் பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே கிடைத்துவிடும். அதிகம் போனால் டீக்காசு. கடைகளில் 'ரெசிஸ்டன்ஸ் பேண்ட்' என்று விற்பதற்கு இது நல்ல மாற்று.

முதலில் காற்றடிக்கும் வால்வு இருக்கும் பகுதியை வெட்டி எறிந்துவிட வேண்டும். இழுக்கும்போது விட்டுப்போனால் அந்த உலோகம் கண்ணுக்குத்தான் வரும். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, ஒட்டாமலிருக்கக் கொஞ்சம் பவுடர் தடவலாம். முழு டியூப் மகனுக்குச் சரியாக இருக்கும். நீளவாக்கில் வெட்டிய பட்டை அம்மாவுக்கு. ஒவ்வொரு நாளும் ஆரம்பிக்கும் முன் இழுத்துப் பார்த்து, வெடிப்போ கீறலோ கண்ணில் பட்டால் அன்றோடு அது குப்பைக்கு.

தூணிலோ வேப்பமரத்திலோ கட்டி, நெஞ்சை நோக்கி இழுத்தால் முதுகுக்கு வேலை. பட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுவந்து இரு கைகளால் முன்னே தள்ளினால் மார்புக்கு வேலை. காலால் மிதித்துக்கொண்டு மேலே இழுத்தால் தோளுக்கு வேலை. கதவில் மாட்டுவதென்றால் ஒரு முனையில் பெரிய முடிச்சு போட்டு, கதவின் மறுபக்கம் விட்டு, கதவைச் சாத்தித் தாழிட வேண்டும். இழுக்கும்போது கதவு மூடும் பக்கமாக இழுபட வேண்டும். திறக்கும் பக்கமாக இழுத்தால் ஆபத்து. எந்த அசைவிலும் டியூபின் பாதை முகத்துக்கு நேராக இருக்கவே கூடாது.

4. தேய்ந்த கார் டயர்

மொட்டைமாடியோ தெருமுனை மைதானமோ இருப்பவர்களுக்கு இது. தேய்ந்த கார் டயரில் 3 மீட்டர் கயிறு கட்டி, மறுமுனையை இடுப்பில் பெல்ட்போலச் சுற்றிக்கொண்டு, உடம்பை முன்னே சாய்த்து இழுத்து நடக்கலாம். கனம் போதவில்லை என்றால் டயருக்குள் மணல் மூட்டையை உட்காரவைக்கலாம். கீழிறங்கும்போது தாங்க வேண்டிய எடை இதில் இல்லை என்பதால் மறுநாள் தசைவலி குறைவு. களைத்தால் நின்றுவிடலாம், மேலே எதுவும் விழாது. டபாட்டா சைக்கிளுக்கு நம் ஊரில் கிடைக்கும் மிக அருகிலான மாற்று இதுதான். முழு மூச்சில் உழைக்க விரும்பும் காவலர் தேர்வுக்காரர்கள் அந்த வேகத்தை இதில் காட்டட்டும்.

பயிற்சி முடிந்ததும் டயரைக் கூரைக்கு அடியில் வைக்க வேண்டும். மழையில் கிடந்தால் அதில் தேங்கும் தண்ணீர் டெங்கு கொசுவுக்குப் பிரசவ அறை ஆகிவிடும். உடம்பைத் தேற்றக் கொண்டுவந்த டயர் தெருவையே படுக்கவைத்தால் எப்படி?

5. தரை துடைக்கும் துணி

டைல்ஸ் அல்லது மொசைக் தரை உள்ள வீட்டில், இரண்டு காய்ந்த பழைய துணிகளே ஒரு கருவி. தண்டால் நிலையில் கைகளை ஊன்றி, இரண்டு பாதங்களுக்கும் அடியில் துணி வைத்து, முழங்கால்களை மாற்றி மாற்றி மார்பை நோக்கி இழுக்க வேண்டும். அரை நிமிடத்தில் மூச்சு வாங்கும். சத்தமே வராது என்பதால் அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ்வீட்டுக்காரருடன் சண்டையும் வராது. ஈரத்துணி மட்டும் வேண்டாம், வழுக்கும்.

மாடிப்படியும் ஒரு கருவிதான். ஏறும்போது வேகம், இறங்கும்போது நிதானம். மூட்டுவலிக்காரர்கள் கீழ்ப்படி ஒன்றில் மட்டும் ஏறி இறங்கினால் போதும். ஸ்கிப்பிங்குக்குத் தேங்காய் நார்க் கயிறு வேண்டாம். சுழலும்போது காலில் பட்டால் தோல் உரியும். வழவழப்பான பிளாஸ்டிக் கொடிக்கயிறு பொருத்தமாக இருக்கும். நடுவில் மிதித்து நின்றால் இரு முனையும் அக்குள்வரை வருவதே சரியான நீளம்.

இவற்றைத் தொடவே கூடாது!

காசை மிச்சம் பிடிக்கப் போய் எலும்பை முறித்துக்கொள்ளும் இடம் இதுதான். கீழே சொல்லும் ஆறும் வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை. அதனாலேயே ஆபத்தானவை.

* கேஸ் சிலிண்டர்: நிரம்பிய வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கும். சிலிண்டரின் சொந்த எடையையும் சேர்த்தால் 30 கிலோவை நெருங்கும். பிடிக்கவும் வசதி என்பதால் இளைஞர்கள் இதைத் தூக்கிப்பார்க்கிறார்கள். கை நழுவி வால்வு அடிபட்டால் வீட்டுக்கே ஆபத்து. காலி சிலிண்டரிலும் மிச்ச வாயு இருக்கும்.
* ஃபேன் கொக்கி: ஆடாமல் தொங்கும் ஒரு மின்விசிறிக்காகப் போடப்பட்டது அது. 70 கிலோ ஆள் தொங்கி ஏறி இறங்குவதற்கு அல்ல. ஊஞ்சல் கொக்கி வேறு, ஃபேன் கொக்கி வேறு.
* ஜன்னல் மேல் சன்ஷேடு: வெயிலையும் மழையையும் தடுக்கப் போட்ட மெல்லிய பலகை. பழைய வீடுகளில் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கும். அதைப் பிடித்துத் தொங்கினால் ஆளோடு சேர்ந்து அதுவும் இறங்கும்.
* முருங்கைக் கிளை: கைக்கெட்டும் உயரத்தில்தான் இருக்கும். ஆனால் காய் பறிக்க ஏறினாலே முறியும் மரம் அது. புல்-அப்ஸ் எடுக்க வேம்பு, புளி போன்ற மரத்தின் பச்சையான, தொடைப் பருமனுள்ள கிளையே பாதுகாப்பு.
* பி.வி.சி பைப்: தண்ணீருக்காகச் செய்த குழாய். வெயிலில் கிடந்தது என்றால் சொல்லாமல் உடையும். தொங்குவதற்கு இரும்புக் குழாயை வெல்டிங் பட்டறையில் கொடுத்து, இரண்டு பக்கமும் சுவரில் பதித்துக்கொள்ள வேண்டும்.
* பிளாஸ்டிக் நாற்காலி: கைகளைப் பின்னால் ஊன்றி இறங்கி ஏறும் பயிற்சிக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். கால் விரிந்தால் மல்லாக்க விழ வேண்டியதுதான். திண்ணை, சிமென்ட் படி, சுவரோடு ஒட்டிப் போட்ட மரக்கட்டில் ஆகியவை பரவாயில்லை.

கயிறு ஏறுவதை வீட்டு மரத்தில் தனியாகப் பழகவும் கூடாது. மைதானத்தில், பயிற்றுநர் பார்க்க, கீழே மணலோ மெத்தையோ இருக்கும் இடத்தில்தான் ஏற வேண்டும். வீட்டில் செய்ய வேண்டியது கைப்பிடிக்கான பயிற்சி மட்டும்.

24 நிமிட அட்டவணை

வாரத்தில் மூன்று நாள். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் 5 நிமிடம் உடம்பைச் சூடாக்க: நின்ற இடத்தில் நடை, கைச் சுழற்சி, அரை பஸ்கி, இடுப்பு வளைவு.

அடுத்த 14 நிமிடம் உழைப்பு. கீழே உள்ள நான்கு அசைவுகளும் சேர்ந்தது ஒரு சுற்று. ஒவ்வொன்றும் 30 விநாடி, அதன்பின் 30 விநாடி ஓய்வு.

* மணல் மூட்டையை அணைத்து உட்கார்ந்து எழுவது
* டியூபை நெஞ்சை நோக்கி இழுப்பது
* இரண்டு கைகளிலும் கேன் பிடித்து நடப்பது
* துணி மேல் கால் வைத்து முழங்கால் இழுப்பது

ஒரு சுற்றுக்கு 4 நிமிடம். சுற்றுகளுக்கு நடுவே 1 நிமிட ஓய்வு. மூன்று சுற்று முடிந்தால் 14 நிமிடம். கடைசி 5 நிமிடம் மெதுநடையும் கை கால் நீட்டலும். சட்டென்று உட்கார்ந்துவிடக் கூடாது, தலைசுற்றும்.

வயது வந்தோர் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்போ, 75 நிமிடக் கடின உழைப்போ குறைந்தபட்சம் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரை. தசைக்கான பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. மூன்று நாள் 14 நிமிடம் என்றால் 42 நிமிடக் கடின உழைப்பு. அது 84 நிமிட மிதமான உழைப்புக்குச் சமம். செவ்வாயும் சனியும் 35 நிமிடம் வேகமாக நடந்தால் கணக்கு நேராகிவிடும்.

எந்த எடையில் தொடங்குவது? முதல்முறை செய்யும் ஆண்களுக்கு மூட்டையில் 8 கிலோ, பெண்களுக்கு 4 கிலோ, 55 வயதைத் தாண்டியவர்களுக்கு 2 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 12 முறை செய்த பிறகு 'இன்னும் மூன்று முறை முடியும்' என்று தோன்றினால் அதுவே சரியான எடை. வேகம் சரியா என்பதற்கு ஒரு சுலபமான சோதனை: உழைக்கும்போது நாலு வார்த்தைக்கு மேல் பேச முடியக் கூடாது. ஒரு நிமிட ஓய்வுக்குப் பிறகு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் ஓய்வை இன்னும் நீட்டலாம்.

கூட்டுவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் நேரம்: 30 விநாடியை 35, 40 என்று உயர்த்தலாம். 40 விநாடி சுலபமான பிறகு ஒரு 2 கிலோ பொட்டலத்தைச் சேர்த்து, மறுபடி 30 விநாடியிலிருந்து தொடங்கலாம். ஒரே வாரத்தில் நேரத்தையும் எடையையும் சேர்த்துக் கூட்டுவது காயத்துக்கு அழைப்பு.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும், பல வருடம் உடம்பை அசைக்காமல் இருந்த 40 வயதுக்காரர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லாமல் எடை தூக்கக் கூடாது. ரத்த அழுத்தம் இருப்பவர்கள் தூக்கும்போது மூச்சை அடக்கவே கூடாது. எழும்போது மூச்சை விட்டு, இறங்கும்போது இழுக்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை வந்தால் உடனே நிறுத்திவிட்டு, பக்கத்தில் வைத்திருக்கும் சர்க்கரையையோ குளுக்கோஸையோ சாப்பிட வேண்டும்.

கடலோர ஊர்களில் புழுக்கமான நாட்களில் வியர்வை ஆவியாகாது, உடம்புச் சூடும் இறங்காது. கோடையில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, மயக்கம் ஆகியவை வந்தால் 'வாயுப் பிடிப்பு' என்று வீட்டிலேயே முடிவு செய்யாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

இளைஞர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. தேர்வுக்குப் பத்தே நாள் இருக்கும்போது விழித்துக்கொண்டு, ஒரே நாளில் ஐந்நூறு பஸ்கி எடுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. பழக்கமில்லாத உடம்பில் தசைநார்கள் மொத்தமாகச் சிதைந்தால், அதிலிருந்து வெளியேறும் பொருள்கள் சிறுநீரகத்தைத் தாக்கும். தாங்க முடியாத தசைவலி, வீக்கத்தோடு சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால் அது நாட்டு மருந்தில் தீரும் விஷயம் அல்ல. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேர்வுக்கு முன் எட்டு வாரமாவது இருக்கும்போதே தொடங்குவதுதான் இதற்கு ஒரே மருந்து.

காலண்டரில் ஒரு கோடு

ஜிம்மில் காசு கட்டிவிட்டோமே என்ற உறுத்தலாவது இருக்கும். வீட்டு மணல் மூட்டைக்கு அந்த உறுத்தல் கிடையாது. இரண்டு நாள் விட்டால் அதன் மேல் துவைத்த துணி ஏறிவிடும். அதனால் மூட்டையும் கேனும் டியூபும் பரணுக்குப் போகாமல், கண்ணில் படும் மூலையில் இருக்க வேண்டும். பயிற்சி முடித்த நாளன்று சுவர்க் காலண்டரில் சுற்றுகளின் எண்ணிக்கையையும் எடையையும் எழுதிவைக்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு நிறப் பேனா, மகனுக்கு ஒரு நிறம். ஒருவர் விட்ட நாளை இன்னொருவர் கேட்காமல் இருக்க மாட்டார்.

ஆறு வாரம் கழித்து இரண்டு சோதனைகள். மகன் மைதானத்தில் 1,500 மீட்டர் ஓடி, நேரத்தை முதல் நாள் நேரத்தோடு ஒப்பிடட்டும். அம்மா, முன்பு எந்தப் படியில் நின்று மூச்சு வாங்கினாரோ, அதே படியை மளிகைப் பையோடு கடந்து பார்க்கட்டும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை எடுப்பவர் என்றால், பயிற்சி தொடங்கி மூன்று மாதம் ஆன பிறகு எடுத்து, அந்தத் தாளோடு மருத்துவரைப் பார்க்கலாம். மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை அவர் சொல்லட்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேலை இவ்வளவுதான்: ஒரு வாளி மணலை மாடியில் காயப் போட்டுவிட்டு, பஞ்சர் கடைக்கு ஒரு நடை போய் வருவது.

*அடுத்த வாரம்: எடையே தூக்காமல் முழங்கால் வலியைக் குறைக்கும் ஐந்து அசைவுகள்.*